டாக்கிங் ஸ்கோரை நம்புவதற்கு முன்

டாக்கிங், அதாவது ஒரு மருந்து மூலக்கூறு நொதிக்குள் எப்படி, எவ்வளவு வலுவாக உட்காரும் என்று கணினியில் கணிப்பது, இன்று பெரிய வித்தையில்லை. பிடிபி என்ற புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்திலிருந்து நொதியின் கட்டமைப்பை இறக்கி, மூலக்கூறையும் கொடுத்துவிட்டால் ஆட்டோடாக் வினா (Vina) என்ற மென்பொருள் சில நிமிடங்களில் ஸ்கோர் என்று ஓர் எண்ணைத் துப்பிவிடும்; அது எவ்வளவு கீழே மைனஸில் போகிறதோ அவ்வளவு வலுவான பிணைப்பு என்று கணக்கு. அதற்கு மதிப்பு உண்டா என்பதை முன்தயாரிப்புதான் தீர்மானிக்கிறது.

பிடிபியில் 1எச்எஸ்ஜி என்ற எண்ணுள்ள கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். எச்ஐவி வைரஸின் புரோட்டியேஸ் நொதி, அதன் நடுவே இண்டினாவிர் மருந்து. இந்தப் படிகக் கட்டமைப்பின் 2.0 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் தெரியாது. நீர் மூலக்கூறுகூட ஒற்றை ஆக்சிஜனாகத்தான் நிற்கும். ஹைட்ரஜனை நாம்தான் சேர்க்க வேண்டும். வினா மின்னூட்டங்களைப் பார்ப்பதில்லை, ஆனால் எந்த அணு ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்கும், எது வாங்கும் என்பதை ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனை வைத்தே முடிவுசெய்கிறது. இங்கே நொதியின் இரு புரதச் சங்கிலிகளிலும் 25-ஆம் இடத்தில் உள்ள ஆஸ்பார்டேட் அமினோ அமிலங்களுக்கு நடுவில்தான் மருந்தின் ஹைட்ராக்சில் (OH) உட்காருகிறது. அந்த ஆஸ்பார்டேட் இரண்டில் ஒன்றிலாவது புரோட்டான், அதாவது ஹைட்ரஜன், இருக்க வேண்டும். தானியங்கிக் கருவி பெரும்பாலும் இரண்டையுமே எதிர்மின்னூட்டத்தோடு விட்டுவிடும். ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களில் ஹைட்ரஜன் எங்கே என்பதையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்க்கணும்.

அடுத்தது நீர். 'எல்லா நீரையும் நீக்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர்கள் அதிகம். இந்த நொதியில் 50-ஆம் இடத்து ஐசோலூசின் அமினோ அமிலங்களையும் மருந்தையும் இணைத்துப் பிடிக்கும் நீர் ஒன்று இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் நீர் இருந்த குழிக்குள் மருந்து சரிந்து உட்கார இடம் கிடைத்துவிடும்.

பிறகு ரீடாக்கிங்: படிகத்தில் இருந்த மருந்தையே திரும்ப டாக் செய்து, அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது. 2 ஆங்ஸ்ட்ராம் ஆர்எம்எஸ்டிக்குள் (அணுக்கள் இடம் மாறிய சராசரித் தூரம்) வந்தால் சரி என்பது வழக்கம். ஆனால் மருந்தைப் படிகத்திலிருந்து அப்படியே வெட்டி எடுத்தால் அது பாதி காப்பி அடித்த பரீட்சை. வினா சுழலும் பிணைப்புகளை மட்டுமே திருப்பும்; பிணைப்புக் கோணங்களும் வளையத்தின் வடிவமும் படிகத்தில் இருந்தபடியே தங்கிவிடும். ஸ்மைல்ஸிலிருந்து (மூலக்கூறின் அமைப்பை ஒரே வரியில் எழுதும் குறியீடு) புதிதாக முப்பரிமாண வடிவம் உருவாக்கிக் கொடுப்பதே நேர்மை. பிடிபி கோப்பில் இரட்டைப் பிணைப்பு எது என்ற தகவலும் இல்லாததால், எப்படியும் ஸ்மைல்ஸ் தேவைப்படும்.

இண்டினாவிரில் சுழலும் பிணைப்புகள் ஏராளம். வினா எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும் என்பதைச் சொல்லும் எக்ஸாஸ்டிவ்னஸை இயல்பான 8-இலேயே விட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு விடை வரலாம். 32-க்கு ஏற்றி, தேடலின் தற்செயல் தொடக்க எண்ணான ரேண்டம் சீடை மாற்றிச் சிலமுறை ஓட்டி, விடை நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொரு வேடிக்கை: நொதி இரு பாதியும் ஒத்த சமச்சீர் கொண்டது. மருந்து 180 பாகை திரும்பி உட்கார்ந்தால் ஆர்எம்எஸ்டி எகிறும், ஆனால் விடை தப்பில்லை. எண்ணைப் பார்த்துப் பதறாமல் திரையில் படத்தைத் திறந்து பாருங்கள்.

ஸ்கோர் விஷயத்தில் அடக்கம் வேண்டும். வினாவின் எண் கிலோகலோரி/மோல் அலகில் வருகிறது. அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி/மோல் வித்தியாசம் என்றால் பிணைப்பு வலிமையில் 10 மடங்கு. வினாவை உருவாக்கியவர்கள் 2010-இல் சொன்ன திட்டப்பிழையோ (கணிப்பு சராசரியாகத் தவறும் அளவு) 2.85 கிலோகலோரி/மோல், அதாவது 100 மடங்குக்கும் மேல். −9.1-ஐயும் −9.4-ஐயும் வைத்து 'இதுதான் சிறந்த மருந்து' என்று எழுதுவதில் பொருளே இல்லை. அதோடு பெரிய மூலக்கூறுக்குத் தொடும் இடம் அதிகம் என்பதால் ஸ்கோர் தானாகவே நன்றாக வரும். பட்டியலை வரிசைப்படுத்தும் முன், எடை ஒத்த, அந்த நொதியில் வேலை செய்யாது என்று தெரிந்த சில மூலக்கூறுகளையும் சேர்த்து ஓட்டுங்கள். அவையும் மேலே ஏறி நின்றால் அந்தப் பட்டியலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம்.