கல்லுக்குப் பின்னால் ஒரு மீன்

பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். ஆற்றில் நல்ல இழுப்பு. ஒரு கல்லுக்குப் பின்னால் விரல் நீள மீன் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மிதந்து வந்த இலை கண்ணிமைப்பதற்குள் அதைத் தாண்டிப் போய்விட்டது. மீன் அங்கேயே. வால் மட்டும் லேசாக அசைகிறது.

எதிர்நீச்சல் என்றால் முட்டி மோதுவது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கல்லில் மோதிப் பிரியும் நீர் இடமும் வலமுமாகச் சுழல்கிறது. மீனின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அந்தத் தள்ளலை அறியும். சுழலுக்கு ஏற்ப உடம்பை வளைத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். டிரவுட் மீன்களிடம் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள்: சுழல்களுக்கு நடுவே தசைகளுக்கு வேலை வெகுவாகக் குறைகிறது.

சிவப்புத் தசை நெடுநேர நீச்சலுக்கு. வெள்ளைத் தசை திடீர்ப் பாய்ச்சலுக்கு.

அப்புறம் என் நிழல் நீரில் விழுந்தது. ஒரே வெட்டு. மீனைக் காணோம்.