மூன்றாம் நாள் காய்ச்சலும் நீளும் லேப் சீட்டும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓ.பி.யில் பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள்தான். மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி, சளி இல்லை. ஒரு மருத்துவர் பாராசிட்டமால் எழுதி, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்பார். அடுத்த அறைக்காரர் ரத்த அணுக்கள், டெங்கு, டைபாய்டுக்கான விடால், மலேரியா, கல்லீரல், சிறுநீர் என்று சீட்டை நிரப்பிவிடுவார். உடனே லேப் தரும் கமிஷன் என்போம். அது இல்லாமல் இல்லை. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள் தடுத்தும் ஒழியவில்லை. ஆனால் கமிஷனுக்கே வழியில்லாத அரசு மருத்துவமனையிலும் இந்த வேறுபாடு உண்டு.

மூன்றாம் நாளில் எந்த டெஸ்ட் பேசும், எது பேசாது என்பது முதல் விஷயம். டெங்குவில், வைரஸின் புரதமான என்எஸ்1 காய்ச்சலின் முதல் நான்கைந்து நாள்களில் தெரியும். உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் தெரிய ஐந்தாம் நாளாவது ஆகவேண்டும். அதற்கு முன் 'நெகட்டிவ்' வந்தால் அர்த்தமே இல்லை. விடாலும் முதல் வாரத்தில் நம்பத் தகாது. டைபாய்டு புழங்கும் ஊரில், என்றோ வந்துபோன தொற்றின் மிச்சமாக விடாலில் 1:80 என்ற அளவு பலரிடம் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏராளம். உண்மையிலேயே டைபாய்டு சந்தேகமென்றால் மருந்துக்கு முன்பே பெரியவர்களுக்கு 8-10 மில்லி ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பவேண்டும். இரண்டு மில்லி எடுத்தால் கிருமி சிக்காமலே போகலாம்.

பிளேட்லெட்டும் அப்படித்தான். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இறங்கும் வேளையில். அப்போது பிளேட்லெட் சரிவதோடு, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோகிரிட் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாம் நாள் ரிப்போர்ட் நன்றாக இருந்தாலும் ஐந்தாம் நாள் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

ஆக, குறைவாக எழுதுபவர் உண்மையில் நம்புவது நோயாளி திரும்பி வருவார் என்பதை. தன் சொந்த கிளினிக்கில் இரண்டு டெஸ்டோடு நிறுத்தும் அதே மருத்துவர், இரவு கேஷுவாலிட்டியில் ஆறு எழுதுவார். கடைசி பஸ்ஸைப் பிடித்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறவரை மறுபடி பார்ப்போமா என்று அவருக்குத் தெரியாது. பயிற்சி மருத்துவர்களின் கணக்கு வேறு. காலை ரவுண்ட்ஸில் சீஃப் "ஏன் எடுக்கல?" என்று கேட்பார், "ஏன் எடுத்தே?" என்று கேட்கும் சீஃப் அபூர்வம். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, கையில் ஒரு ரிப்போர்ட் இருப்பது தனியார் மருத்துவர்களுக்குத் தனி தைரியம்.

அதிகம் எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நார்மல் அளவு என்பதே ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி போட்ட கோடு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 அளவுகளைப் பார்த்தால், நல்ல உடம்புக்கும் ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு. ஊதா மூடி ட்யூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஈடிடிஏவால் சிலருக்கு பிளேட்லெட்கள் ஒட்டிக்கொள்ளும். மெஷின் எண்ணிக்கையைக் குறைத்து 40,000 என்று காட்டும். ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவிய ஸ்மியரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, வேறு உறைதடுப்பான சிட்ரேட் உள்ள ட்யூபில் மறுபடி எடுத்தால் தெளிந்துவிடும். அதற்குள் வீட்டில் பப்பாளி இலை அரைபடத் தொடங்கியிருக்கும்.

லேப் இல்லாமலே தெரிவதும் உண்டு. சட்டையை விலக்கி அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில் தேடினால் சிலரிடம் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு கிடைக்கும். அது சிற்றுண்ணிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். எலிசா ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் தொடங்கிவிடலாம். தேட மூன்று நிமிடமும் ஒரு திரைச்சீலையும் போதும். வெளியே நூறு பேர் நிற்கும் ஓ.பி.யில் இரண்டுமே கிடைக்காது. சீட்டு எழுதப் பத்து விநாடி.