ஹெரால்டுக்கு எந்த கிளட்ச்?

போன ஆடியில் குன்னூர் போகலாம் என்று கிளம்பி, பர்லியாரைத் தாண்டி நாலு வளைவு ஏறியிருப்பேன், எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடுகிறது. கூடவே அந்தத் தீய்ந்த நாற்றம், ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டுத் திருப்பி, இரண்டாவது கியரிலேயே மேட்டுப்பாளையம் வரை இறங்கினேன். கிளட்ச் வழுக்குகிறது, அதாவது எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம் பிடிக்காமல் நழுவுகிறது.

வண்டி 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் ஓடியதை, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் சென்னையில் 1961 முதல் தயாரித்து விற்றது. 948 சிசி எஞ்சின், நாற்பது குதிரைத்திறனைக்கூடத் தொடாது. ஆனால் கிளட்ச் வாங்கப் போனபோது அந்த நாற்பதை நான் மறந்துவிட்டேன். ஏதோ பந்தயக் காருக்கு வாங்குகிற மாதிரி ஆரம்பித்தேன்.

முதல் தப்பு, பழசைக் கழட்டாமலே புதுசைத் தேடிப் போனது. சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில், ‘ஹெரால்ட்’ என்று பேனாவில் எழுதி, ஒரு விரல் தூசி படிந்த பெட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆகா, கிடைத்துவிட்டது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, உள்ளே இருந்த கிளட்ச் பிளேட்டின் விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்தால் 180 மி.மீ. ஹெரால்டுக்கு வேண்டியது ஆறேகால் அங்குலம், 159 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவு. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் நுழைகிற நடு ஹப்பின் பல்லும் ஒத்துப்போகவில்லை. வேறு ஏதோ வண்டியின் பிளேட். திருப்பி எடுக்கமாட்டார்களாம், அதை இப்போது பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் ராத்திரியெல்லாம் இங்கிலாந்துக் கடைகளின் பட்டியல்கள். அங்கேயும் ‘ஹெரால்ட் கிளட்ச்’ என்று தேடினால் இரண்டு வகை வருகிறது. 948 சிசி, 1200 சிசி மாடல்களுக்குப் போட்ட பழைய ஆறேகால் அங்குலம், காயில் ஸ்பிரிங் வகை. கடைசியாக வந்த 13/60 மாடலுக்குப் போட்ட ஆறரை அங்குலம், டயாஃப்ரம் வகை. பார்க்க ஆசையாக இருப்பது இரண்டாவதுதான். பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளும், மிதிக்கும்போது அதை விடுவிக்கிற மூன்று ஃபிங்கர்களும் இருக்கிற இடத்தில் ஒரே தட்டையான எஃகு ஸ்பிரிங். மிதி இலகுவாக இருக்கும், லைனிங் (பிளேட்டில் ரிவெட் அடித்த உராய்வுப் பட்டை) தேயத் தேயப் பிடிப்பு அவ்வளவாகக் குறையாது. சிங்காநல்லூர் சிக்னலில் பத்து நிமிடம் இடது முழங்காலை வைத்துக்கொண்டு நின்ற யாருக்கும் இதில் சபலம் தட்டும்.

சரி, ஆர்டர் போடலாம் என்று கார்டை எடுத்த பிறகுதான் கவனித்தேன், இரண்டு வகைக்கும், கிளட்சைப் பூட்டுகிற எஞ்சின் சக்கரமான ஃபிளைவீலில் போல்ட் ஓட்டைகள் இருக்கும் வட்டம் வேறு. ஆக டயாஃப்ரம் வேண்டும் என்றால் 13/60 ஃபிளைவீலும் வரவேண்டும், இல்லை என்னுடையதில் புது ஓட்டை போட்டு பாலன்ஸ் பார்க்கவேண்டும். அந்த இரும்புச் சக்கரத்தை விமானத்தில் ஏற்றி, சுங்கமும் கட்டி... கார்டை மறுபடி பர்ஸில் வைத்தேன்.

இங்கே எங்கள் மெக்கானிக் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். அவருக்கு என் குழப்பமே பிடிபடவில்லை. “ஏங்கண்ணு, உள்ள என்ன இருக்குதுன்னே பாக்காம எத வாங்கப் போற? மொதல்ல கீழ எறக்கு” என்றார். இன்னொரு பட்டறையில் மாருதி பிளேட்டின் நடுவை எடுத்துவிட்டு ஹெரால்ட் ஹப்பை ரிவெட் அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். அப்படி ஓடுகிற வண்டிகள் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், கியர்பாக்ஸை வண்டிக்கு உள்ளிருந்தே எடுக்கலாம். சீட்டைக் கழட்டி, நடு டனல் மூடியை எடுத்து, புரொபெல்லர் ஷாஃப்டைப் பிரித்து, கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளை அவிழ்த்தால், இரண்டு பேர் தூக்கி சீட் இருந்த இடத்தில் வைத்துவிடலாம். மிதியின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி கிளட்சை இயக்குகிற ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு கழட்டி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். அக்கா பையன் ஓட்டுகிற பாவனையில் உட்கார்ந்து கிளட்சை ஒரு மிதி மிதித்தான். பிஸ்டன் பறந்து போய், பிரேக் ஆயில் பூராவும் கார்பெட்டில். பெயின்ட்டில் படாமல் தப்பியது.

இறக்கிப் பார்த்தால் ஆச்சரியம். லைனிங் தேயவே இல்லை! ரிவெட் தலைகள் இன்னும் நன்றாக உள்ளே இருந்தன. ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்து, கண்ணாடி மாதிரி பளபளத்தது. பெரியவர் விரலால் தொட்டு முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். எஞ்சின் ஆயில் இந்த நாற்றம் நாறாது, அந்தக் கந்தக வாடை கியர் ஆயிலுக்குத்தான் உண்டு. அதற்குக் காரணமும் நானே. மூன்று மாதம் முன்பு, பக்கவாட்டு லெவல் ப்ளக் இறுகிக் கிடந்ததால், கியர் லிவர் மூடியைக் கழட்டி மேலிருந்து குத்துமதிப்பாக ஊற்றியிருந்தேன். அதிகமானது இன்புட் ஷாஃப்ட் வழியாக முன்னால் கசிந்து நேராக பிளேட்டில் ஏறியிருக்கிறது. லண்டனிலிருந்து டயாஃப்ரம் வரவழைத்திருந்தாலும் இதே ஆயிலில்தான் குளித்திருக்கும்.

ஸ்பிரிங்கும் ஃபிங்கரும் இருக்கிற பிரஷர் பிளேட்டையும் பார்க்காமல் விடவில்லை. மூன்று ஃபிங்கர்களில் ஒன்று மற்ற இரண்டைவிடக் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. தாழ்ந்திருந்தது. பல நாளாக முதல் கியரில் எடுக்கும்போது வண்டி உதறியதற்கு ஆயிலோடு இதுவும் ஒரு காரணம். இரண்டு ஸ்பிரிங்குகள் சூட்டில் நிறம் மாறி, மற்றவற்றைவிடக் குட்டையாகவே இருந்தன.

அதோடு தேடுவதை நிறுத்திவிட்டேன். பழைய ஆறேகால் அங்குல காயில் ஸ்பிரிங்கே போதும், கம்பெனி இந்த எஞ்சினுக்குக் கணக்குப் போட்டு வைத்தது அதைத்தான். பிளேட்டின் ஹப் ஸ்பிரிங்குகள் ஆடவில்லை, பல்லும் கூர்மையாகத் தேயவில்லை, அதனால் அதையே லைனிங் மாற்றக் கொடுத்தேன். ஆயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்காதீர்கள், சூடானதும் ஆயில் வெளியே வந்துவிடும். இன்னொன்று, அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பெல் ஹவுசிங் தூசியைக் கம்ப்ரஸர் வைத்து ஊதவேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

லைனிங் போடுகிறவரிடம் ஒன்றே ஒன்றுதான் வற்புறுத்தினேன்: பழைய கனமே வேண்டும். தடிமன் கூடினால் ஃபிங்கர் உயரம் மாறும், கிளட்ச் முழுசாக விடாமல் கியர் கறகறக்கும். பிரஷர் பிளேட்டுக்கு ஸ்பிரிங் செட்டை மொத்தமாக மாற்றி, மூன்று ஃபிங்கரையும் ஒரே உயரத்துக்கு வைத்துக் கொடுத்தார்கள். ஃபிளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தன, விரிசல் இல்லை, லேத்தில் லேசாக ஒரு சீவு. ஃபிங்கர்களை அழுத்துகிற ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்குகிற பைலட் புஷ் இரண்டும் புதுசு. புஷ்ஷை ஒரு ராத்திரி எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தேன். ரிலீஸ் ஃபோர்க்கின் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது, அதையும் லேத்காரரே கடைந்தார். எல்லாம் சேர்த்தும் ஃபிளைவீலை வரவழைக்கக் கேட்ட கூரியர் காசைத் தொடவில்லை.

பூட்டும்போது பிளேட்டை நடுவில் நிறுத்தாவிட்டால் கியர்பாக்ஸ் உள்ளே போகவே போகாது. அதற்கு லேத்காரர் ஒரு நைலான் கட்டையை இன்புட் ஷாஃப்ட் அளவுக்கு இரண்டு படியாகக் கடைந்து கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். கியர்பாக்ஸ் முன்மூடியின் கேஸ்கெட்டை மாற்றினோம். லெவல் ப்ளக்கை இந்த முறை சூடுகாட்டித் திறந்து, ஆயில் அதில் வழியும் வரைக்கும் ஊற்றி நிறுத்தினேன்.

உதறல் போய்விட்டது. மிதி மட்டும் பழையபடி கனம்தான், சிங்காநல்லூரில் முழங்கால் இன்னும் முனகுகிறது. புது லைனிங் படிகிற வரை மலை ஏறக்கூடாது என்று பெரியவர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டதால், இப்போதைக்குப் பேரூர் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன்.