கொயோட்டிக்குப் பின்னால் நடக்க ஒரு துப்பாக்கி

சென்னைக்குப் புறப்படும் முன் பெட்டிகள் 23 கிலோவைத் தாண்டிவிட்டனவா என்று பார்ப்பதற்காக எங்கள் வீட்டில் ஒரு கொக்கித் தராசு இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, அதன் கொக்கியில் என் துப்பாக்கியை மாட்டித் தூக்கினேன். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், தோள்வார், முன்பக்கம் மடித்து வைக்கும் இரண்டு கால் தாங்கியான பைபாட், ஐந்து தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்து 5.4 கிலோ. அன்று விடிந்ததிலிருந்து பிற்பகல் வரை, வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கு வடக்கே சேஜ் புதர் மண்டிய மேடுகளில் அதைச் சுமந்துகொண்டு அலைந்திருந்தேன். வலத்தோள் வலித்தபோது இடத்தோளுக்கும், இடத்தோள் வலித்தபோது முதுகுக்கும் மாற்றி மாற்றித்தான் நடை நடந்தது.

அப்படி அது முதுகில் கிடந்த நேரத்தில்தான், நூற்றிருபது அடி வைத்தால் எட்டிவிடும் தொலைவில், ஒரு பள்ளத்திலிருந்து கொயோட்டி எழுந்து நின்றது. வார் கோட்டின் தொப்பியில் சிக்கிக்கொண்டது. நான் துப்பாக்கியை விடுவித்து முன்னால் கொண்டுவருவதற்குள் அது மேட்டின் விளிம்புவரை போய், ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது. அந்தத் துப்பாக்கியின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 26 அங்குலக் கனத்த குழலும் பெரிய ஸ்கோப்பும் கொண்ட அது, வண்டியின் அருகே அமர்ந்து புல்வெளி அணில்களைச் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதை நடைக்கு எடுத்துப் போனது என் பிழை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொயோட்டி எது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர் நரியின் நெருங்கிய உறவு. அதைவிடச் சற்று உயரம், காது பெரிது. இங்குள்ளவை பெரும்பாலும் பத்து முதல் பதினாறு கிலோ வரை இருக்கும். குளிர்கால மயிர் அடர்ந்திருப்பதால் பார்வைக்கு இன்னும் பெரிதாகத் தெரியும். வயோமிங் சட்டம் இதை இரைகொல்லி விலங்கு என்ற வகையில் வைத்திருக்கிறது. இதைச் சுடுவதற்குப் பருவமும் இல்லை, உரிமச் சீட்டும் தேவையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வளர்ந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்ளவே சில ஆண்டுகள் பிடித்தன. ஆடு வளர்க்கும் நண்பர் ஒருவரின் பட்டியில், மே மாதக் குட்டி ஈனும் பருவத்தில், காலையில் எண்ணும்போது குட்டிகள் குறைவதை நேரில் பார்த்த பிறகுதான் அவருடன் போகத் தொடங்கினேன்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வேலை விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. ஆகவே கொயோட்டிக்கு இந்த மாநிலம் உரிமம் கேட்காவிட்டாலும், விசாவில் இருப்பவர் அதை நம்பி உரிமம் வாங்காமல் இருந்துவிடக் கூடாது. துப்பாக்கி வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நடந்துபோய் வேட்டையாடுவது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்பது விளங்கும். காற்று முகத்தில் படும்படி ஒரு மேட்டின் பின்புறமாக ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு புதரின் முன் உட்கார்ந்து, முயல் மரண வேதனையில் கத்துவதுபோல் ஊதலை ஊதி, பதினைந்து இருபது நிமிடங்கள் அசையாமல் காத்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் எழுந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து அடுத்த இடம். ஒரு நாளில் ஆறேழு முறை இப்படி. பாதையும் நேராக இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் நிறுவனத்துக்கு ஒரு மைல் சதுரங்களாக ஒன்றுவிட்டு ஒன்று நிலம் கொடுத்ததால், இந்தப் பகுதியின் வரைபடம் இன்றும் தனியார் நிலமும் பொது நிலமும் மாறி மாறி வரும் சதுரங்கப் பலகை போலவே இருக்கிறது. பொது நிலத்தை விட்டு விலகாமல் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். ஊதலுக்கு வரும் கொயோட்டி பெரும்பாலும் 150 கஜத்துக்குள் வந்துவிடும். நம்மைச் சந்தேகித்து நின்றுவிடுவது 200, 250 கஜத்தில் நிற்கும். 300 கஜத்தைத் தாண்டியதை நான் சுடுவதில்லை. நாள் முழுக்கத் தோளில் கிடந்து, மூன்று நொடி மட்டும் வேலை செய்யும் கருவி இது என்பதைத்தான் நான் மறந்திருந்தேன்.

தோட்டாவைத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. .223 ரெமிங்டன் போதும். 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,200 அடி வேகத்தில் புறப்படுகிறது. 200 கஜத்தில் சரியாகப் படும்படி ஸ்கோப்பை அமைத்தால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலேயும் 300 கஜத்தில் ஆறேழு அங்குலம் கீழேயும் படும். அதாவது 250 கஜம் வரை கணக்கு எதுவும் போடாமல் உடலின் நடுவில் வைத்துச் சுடலாம். காற்று வேறு விஷயம். பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று அடித்தால், 300 கஜத்தில் குண்டு கடல்மட்டத்தில் ஏறத்தாழ ஓர் அடி விலகும். லாரமி 7,200 அடி உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்து அந்த விலகல் கொஞ்சம் குறையும் என்றாலும், இந்த ஊரில் மணிக்குப் பத்து மைலைக் காற்று என்று யாரும் சொல்வதில்லை.

.22-250 ரெமிங்டன் வேகத்தில் இதைவிட நொடிக்கு நானூறு அடிக்கும் மேல் முந்தும். திறந்த வெளியில் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேகம் முழுவதும் கிடைக்க நீண்ட குழல் வேண்டும், தோட்டா விலை கூடுதல், சிறு ஊர்க் கடைகளில் எப்போதும் கிடைப்பதும் இல்லை. .243 வின்செஸ்டர் மானுக்கும் ஆகும் என்று பலர் சொன்னார்கள். உண்மைதான், ஆனால் மெலிந்த துப்பாக்கியில் அதன் உதை, சுட்ட கணத்தில் ஸ்கோப்பைக் குறியிலிருந்து தூக்கிவிடுகிறது. .223இல் குண்டு எங்கே பட்டது என்பதை ஸ்கோப்பிலேயே பார்த்துவிடலாம். துணைக்கு ஆளில்லாமல் தனியாக நடப்பவனுக்கு அது பெரிய வசதி. மலிவான தோட்டா என்றால் பயிற்சியும் அதிகம் என்ற எளிய கணக்கும் இருக்கிறது.

.223 என்று முடிவானதும் இன்னொரு கதவு திறந்தது. இந்தத் தோட்டாவின் நீளம் இரண்டேகால் அங்குலம்தான். ஆனால் விலை மலிந்த துப்பாக்கிகள் பலவும், 2.8 அங்குல .308 தோட்டாவுக்கென அமைத்த, போல்ட் ஓடும் அதே இரும்புக் கூட்டில்தான் .223யும் வைத்துத் தருகின்றன. தேவையில்லாத இரும்பை நாம் சுமக்கிறோம். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டையும் தேவைக்கு மேல் இழுக்கிறோம். இந்தத் தோட்டாவுக்கென்றே கூட்டைச் சுருக்கிச் செய்தவை மிகச் சில. செக் நாட்டின் சிஇசட் 527 அவற்றில் அழகானது; மவுசர் பாணியில் அமைந்த குட்டிக் கூடு, ஏறத்தாழ ஆறு பவுண்டு. அதன் தயாரிப்பு நின்றுவிட்டதால் பழையவற்றின் விலை என் கைக்கு எட்டாமல் போய்விட்டது. ஜப்பானில் செய்யப்படும் ஹோவா 1500 மினி இன்னொன்று. மெல்லிய குழல் வைத்த வகை ஆறு பவுண்டுக்குள், அதாவது 2.7 கிலோவுக்குள் அடங்கும்.

முழுக் கூட்டில் வருபவற்றையும் நான் ஒதுக்கிவிடவில்லை. ருகர் அமெரிக்கன் ராஞ்ச் 16 அங்குலக் குழலோடு ஆறு பவுண்டை ஒட்டி நிற்கிறது; சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர் துப்பாக்கியின் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, அதில் பொருந்தும், விலையும் நியாயம். சாவேஜ் ஆக்ஸிஸ் எல்லாவற்றிலும் மலிவு, குறி தவறாது என்று பெயர் எடுத்தது. ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட்டைக் கடையில் எடுத்து போல்ட்டை ஒருமுறை இழுத்ததும் வாங்கிவிடலாம் போலிருந்தது. விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். ஏஆர் வகையையே எடு, இரண்டாவது கொயோட்டி ஓடும்போது உதவும் என்று நண்பர் வற்புறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தாலும், கைப்பிடியும் மேகசினும் துருத்திக்கொண்டிருக்கும் அதைவிட, நடுவில் ஒரு கையால் பிடித்து நடக்கத்தக்க போல்ட் துப்பாக்கியே எனக்குப் பிடித்திருந்தது.

கடையில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். முதலில், வேட்டைக்குப் போடும் தடித்த குளிர்க் கோட்டையே போட்டுக்கொண்டு போனேன். கோட்டின் தடிமன் கூடும்போது, குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை அந்த அளவுக்கு நீண்டுவிடுகிறது, சட்டையோடு பொருந்திய துப்பாக்கி ஜனவரியில் அக்குளில் தட்டி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்தால், தலையை நகர்த்தாமலே ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது டாலர் நோட்டுச் சோதனை. ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே செருகி, முனையிலிருந்து கூடுவரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கும் சிக்கக் கூடாது. மலிவான பிளாஸ்டிக் கட்டைகளில் வெறுமனே இழுத்தால் நோட்டு வழுக்கிக்கொண்டு போகும். கட்டையின் முன்பகுதியை சுடும்போது ஊன்றுகோலில் சாய்ப்பதுபோல் விரலால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கட்டை வளைந்து குழலைத் தொடுகிறது என்று பொருள். அப்படித் தொட்டால் குண்டு படும் இடம் மாறும். நான் பார்த்த ஐந்தில் இரண்டில் நோட்டு நின்றது. இந்தக் குறைக்காக ஒரு துப்பாக்கியை ஒதுக்க வேண்டியதில்லை; உள்ளே உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து இடைவெளியைக் கூட்டிவிடலாம். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். மூன்றாவது, விசை. இரண்டரை முதல் மூன்று பவுண்டு அழுத்தத்துக்குள், கொரகொரவென்று நீளும் இழுவையாக இல்லாமல், கண்ணாடி முறிவதுபோல் ஒரே இடத்தில் விடுபட வேண்டும்.

கடைசியில் அதே கடையின் பழைய சரக்கு வரிசையில் ஒரு ஹோவா மினி நின்றது. கட்டையில் ஒரு கீறல், குழல் சுத்தம், 430 டாலர். அன்றே கேள்விப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்கோப்பில்தான் பலரும் குறைத்த எடையைத் திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கும் என் பழைய ஸ்கோப் முக்கால் கிலோவுக்கு அருகில். பக்கத்தில் எழும் கொயோட்டியை அதில் தேடினால் மயிர் மட்டும்தான் தெரியும். 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் சாதாரண ஸ்கோப் 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். அதை மூன்றில் வைத்தே நடக்கிறேன். தொலைவில் நிற்பதற்குத் திருப்பிக்கொள்ள நேரம் இருக்கும், அருகில் எழுவதற்கு இருக்காது. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் அலுமினியம். பைபாட் போயிற்று, அதற்குப் பதில் மலையேறுவோர் வைத்திருக்கும் ஊன்றுகோல் இரண்டை மேலே ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி, நடக்கும்போது கையிலும் உட்காரும்போது கத்தரிபோல் விரித்தும் வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை நல்லது சொன்ன பிறகு கெட்டதையும் சொல்ல வேண்டும். மெலிந்த துப்பாக்கி கையில் நிற்பதில்லை. கனத்த குழல் தன் எடையாலேயே அசையாமல் கிடக்கும். இது என் நாடித்துடிப்பையெல்லாம் குறியில் காட்டுகிறது. மேடேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபடி சுட்டால் நூறு கஜத்திலேயே நான் தவறுவேன். முதல் குளிர்காலத்தில் இரண்டு கொயோட்டிகளை அப்படித்தான் விட்டேன். இப்போது மேட்டுக்கு ஏறியதும் உட்கார்ந்து, கோலை ஊன்றி, ஐந்து நிமிடம் ஊதாமல் இருக்கிறேன். குழல் மெல்லியதாக இருப்பதால் நான்கைந்து தோட்டாக்களுக்குள் சூடேறி, அடுத்தடுத்த குண்டுகள் பரவத் தொடங்கும். பயிற்சிக் களத்தில் இது எரிச்சலாக இருக்கும். மேட்டில் இரண்டாவது தோட்டாவுக்கே வாய்ப்பு அரிது என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

குளிரைப் பற்றி ஒன்று. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பிசினாகிவிடும். விசையை இழுத்தும் தோட்டாவைத் தட்டும் ஊசி சோம்பலாக விழுந்து தோட்டா வெடிக்காமல் போகலாம். அக்டோபர் முடிவில் போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுகிறேன். மாலையில் துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் நேராகக் கொண்டுவந்தால் ஸ்கோப்பும் குழலும் வியர்த்துவிடும் என்பதால், முதலில் உறையோடு கார் கொட்டகையில் ஒரு மணி நேரம். நடக்கும்போது தோட்டாக்கள் மேகசினில் மட்டும். உட்கார்ந்த பிறகுதான் குழலுக்குள் ஒன்று.

எல்லாம் பூட்டி முடித்த இரவில் கொக்கித் தராசை மறுபடி எடுத்தேன். ஐந்து தோட்டாக்களோடு 3.3 கிலோ. மிச்சமான இரண்டு கிலோவில் ஒரு கிலோவுக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறேன். தோள்வாரின் கொக்கி மட்டும் நடக்கும்போது கீச்சென்கிறது. தேன்மெழுகு தடவிப் பார்த்தேன், போகவில்லை. இந்த வாரம் ஒரு துண்டுத் தோலைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.