தோர்ன் முகாமிலிருந்து வந்த கடிதங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களிடம் சிக்கிய போர்க்கைதி எழுதிய கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அந்தத் தாளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வழவழப்பான தாள், மடித்தால் அதுவே உறை. உள்ளே கோடுகள் போட்டிருக்கும், அந்தக் கோடுகளுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மையில் ஏதாவது எழுதினால் காட்டிக்கொடுக்கும்படி தாளுக்கே ஒரு பூச்சு. மேலே ஜெர்மனில் 'போர்க்கைதித் தபால்' என்ற தலைப்பு, ஓரத்தில் முகாம் தணிக்கை முத்திரை, நடுவில் பென்சில் எழுத்து.

ஸ்காட்லாந்தில், அபெர்டீனில் எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா எழுதிய இந்தக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். கனடாவில் இருக்கும் பேரன்கள் கேட்கிறார்களாம், அதனால் சாயங்கால வேளைகளில் உட்கார்ந்து ஸ்கேன் செய்து கொடுக்கிறேன். பென்சில் மங்கிய இடங்களில் அவர் பூதக்கண்ணாடி பிடிக்க, நான் எழுத்துக் கூட்டுவேன்.

அந்த அப்பா, அபெர்டீனுக்கு வடக்கே பக்கன் பகுதியில் பண்ணையாள். குதிரை பூட்டி உழுகிற வேலை. கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்து ரெஜிமென்டின் 5வது பட்டாலியனில் இருந்தார். டன்கர்க்கிலிருந்து படைகளைக் கப்பலேற்றி மீட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அது முடிந்தது 1940 ஜூன் 4. இவர்களுடைய 51வது ஹைலேண்ட் டிவிஷன் அப்போதும் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. செயின்ட் வலேரி ஆன் கோ என்ற சின்னத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது மூடுபனியால் கப்பல்கள் கரைக்கு நெருங்க முடியவில்லை. ஜூன் 12 அன்று டிவிஷன் தளபதி ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூன் ஜெர்மன் தளபதி ரோமெலிடம் சரணடைந்தார். சுமார் 10,000 பேர் கைதானார்கள். வடக்கு ஸ்காட்லாந்தில் ஒரே வாரத்தில் எத்தனை வீடுகளுக்கு 'காணவில்லை' என்ற அச்சடித்த தாள் போயிருக்கும்!

இந்த வீட்டுக்கும் வந்தது. உயிரோடு இருக்கிறார் என்று சொல்லும் அட்டை கிடைத்தபோது இலையுதிர்காலம் ஆகிவிட்டது. முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஒரு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும் என்று 1929ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. சரி, ஆனால் முகாமுக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக நடை, அப்புறம் ரைன் நதியில் படகு, அப்புறம் மாடு ஏற்றும் ரயில்பெட்டி. கடைசியில் போலந்தில் தோர்ன், அதாவது டோரூன் நகரம். அங்கிருந்த முகாமின் பெயர் ஸ்டலாக் 20ஏ.

சாதாரண சிப்பாய்க்கு மாதம் இரண்டு கடிதம், நான்கு அட்டை. அதிலும் பாதியை வானிலைக்குச் செலவழித்திருக்கிறார் மனிதர்! "நலம். உடைகள் கிடைத்தன. குளிர் அதிகம். பிள்ளைகளுக்கு முத்தம்." இதுதான் வாடிக்கை. முதலில் எனக்குச் சலிப்பாக இருந்தது. இரண்டு நாட்டுத் தணிக்கைக்காரர்கள் படிக்கப் போகும் கடிதத்தில் வேறு என்ன எழுதுவது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு காரணத்தை அந்த அம்மா சொன்னார். வீட்டில் அப்பா பேசியது டோரிக், அதாவது வடகிழக்கு ஸ்காட்லாந்தின் வட்டார வழக்கு. எழுதியது பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். நம்மூரில் வாய் நிறையப் பேசும் மாமா, 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிய உடனே வேறு ஆளாகிவிடுவாரே, அதே கதைதான்.

ஆனால் தொடர்ந்து படித்தால் வேறொன்று பிடிபடுகிறது. உருளைக்கிழங்கு எப்படி வந்திருக்கிறது? சிவப்புக் குதிரையின் கால் சரியாகிவிட்டதா? பெரியவன் கிழங்கு பொறுக்கப் போனானா? (கிழங்கு பொறுக்கவே அக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட நாடு இது.) வெறும் வீட்டு நினைப்பு என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தப்படி சாதாரணச் சிப்பாய்களிடம் வேலை வாங்கலாம். ஜெர்மானியர்கள் இவரையும் ஒரு பண்ணைக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். "இங்கே மண் மணல்பாங்கு, நம் ஊர்ப் புல் இங்கே வராது" என்று ஒரு வரி தணிக்கையைத் தாண்டி வந்திருக்கிறது. தான் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்பதையெல்லாம் விவசாயம் கேட்கிற சாக்கில் மனைவிக்குச் சொல்லிவிட்டார் என்று நான் நினைக்கிறேன். மனைவியும் பண்ணையில் பிறந்தவர், புரியாமலா இருந்திருக்கும்?

அவர் மனைவி எழுதிய பதில்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் கைதிகளைப் பனியில் மேற்கு நோக்கி நடக்க வைத்தார்கள், அந்த வழியில் போய்விட்டன. நம்மிடம் இருப்பது டெலிபோனில் ஒரு பக்கப் பேச்சு மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலிருந்து 10 பவுண்டு எடைக்குள் ஒரு பார்சல் அனுப்பலாம். வந்த சாமான்களை அவர் ஒவ்வொன்றாகக் குறித்து நன்றி சொல்லியிருப்பதால், அந்தப் பக்கம் எத்தனை ஜோடி காலுறை பின்னினார்கள் என்பது தெரிகிறது. செஞ்சிலுவைப் பார்சலைப் பற்றியும் ஒரு வரி உண்டு. ஸ்காட்லாந்தில் கட்டியது வந்தால் உள்ளே ஓட்ஸ் இருக்கும். அது வந்த வாரக் கடிதத்தில் எழுத்தே நிமிர்ந்து நிற்கிறது.

கைதான ராணுவ அதிகாரிகள் கதை வேறு. அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது, அதனால் பொழுது கிடந்தது. பவேரியாவில் லாஃபன் முகாமில் இருந்த லெப்டினன்ட் ஜிம்மி அட்கின்சன் ஒரு நடனம் அமைத்தார், '51வது டிவிஷன் ரீல்'. ஆடுபவர்கள் நடுவில் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவை வடிவில், அதாவது ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் X மாதிரி நிற்பார்கள். நடன முறையை அவர் மனைவிக்கு எழுதி அனுப்ப, ஜெர்மானியர்கள் அதை ரகசியக் குறியீடு என்று நினைத்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, நடனம் இன்றும் இங்கே கல்யாணங்களில் ஆடப்படுகிறது. கீழ்வீட்டு அம்மாவும் இளவயதில் ஆடியவர்.

டப்பாவில் இன்னொரு சாமான், உள்ளங்கை அளவு போட்டோத் தாளில் ஒரு கடிதம். அந்த அம்மாவின் தாய்மாமன் எழுதியது. மறுபடி திரட்டிய 51வது டிவிஷனோடு 1942இல் எகிப்து போனவர். கடிதத்தை அங்கே மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, சுருளை விமானத்தில் அனுப்பி, லண்டனில் மறுபடி பிரிண்ட் போட்டுத் தபாலில் சேர்ப்பார்கள். ஏர்கிராஃப் என்று பெயர், கட்டணம் 3 பென்ஸ். வேகமாக வரும். ஆனால் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி.

"எங்களுக்கு அட்டையாவது வந்தது" என்பார் அந்த அம்மா. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் விழுந்தபோது கார்டன்ஸின் 2வது பட்டாலியன் அங்கே சிக்கியது. அந்தக் குடும்பங்களில் பல ஒரு வருடத்துக்கு மேல் ஒரு சேதியும் இல்லாமல் காத்திருந்தன. வந்ததும் 'என் உடல்நலம் நன்றாக உள்ளது' என்று அச்சடித்த அட்டை. அவர்களில் பலர் வேலை செய்த அதே சயாம் ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் கொண்டுபோனார்கள் என்று நான் சொன்னேன். "அவர்கள் வீட்டுக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். அட்டைகூட இல்லை என்றேன்.

அப்பா 1945இல் ஊர் திரும்பினார். அதற்கப்புறம் சாகும்வரை ஒரு கடிதம்கூட எழுதவில்லையாம். மகள், அதாவது கீழ்வீட்டு அம்மா, நர்ஸ் படிப்புக்கு எடின்பரோ போனபோது வாரம் தவறாமல் எழுதியது அவருடைய தாய்தான். கடிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கும்: "அப்பா நலம். கிழங்கு நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார்."