வயது போட்டுது என்று சொல்ல முதல் கதிரையில் இருந்து எழும்பிப் பாருங்கள்

கொழும்பில் ஒருவருக்கு எத்தனை வயதில் முதுமை தொடங்குகிறது என்று கேட்டால், எந்தக் கந்தோரில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55. தனியார் வேலையில் 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு ஓய்வு வயது 60. அரச வேலையில் 65 வரை இருக்கலாம் என்று 2022 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிய முதலே திரும்பவும் 60 ஆக்கிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதானவர் முதியவர். வறிய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு 70 ஆகவேண்டும். ஐயரைக் கேட்டால், பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது மணிவிழா என்பார். 1966 சித்திரையில் தொடங்கிய பராபவ ஆண்டில் பிறந்தவர்களுக்கு அந்தப் பெயர் 2026 சித்திரையில் வருகிறது.

இவ்வளவு எண்கள் இருந்தும், ஆட்கள் தங்களை வயது போனவர்களாக நினைக்கத் தொடங்குவது இவற்றில் எதையும் பார்த்தல்ல. ஜெர்மனியில் 1996 முதல் 2021 வரை பதினாலாயிரம் பேரளவில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்த ஆய்வொன்று 2024இல் வெளிவந்தது. முதுமை எப்போது தொடங்கும் என்று 64 வயதுக்காரரைக் கேட்டால் சராசரியாக 75ஐ ஒட்டிச் சொன்னார்கள். 74 வயதில் கேட்டால் அது 77க்குப் போய்விட்டது. நாங்கள் நடக்க நடக்க எல்லையும் முன்னால் நகர்கிறது. பெண்கள் ஆண்களைவிட இரண்டு ஆண்டளவு பிந்திச் சொன்னார்கள். தனிமையில் இருப்பவர்களும் வருத்தங்கள் கூடியவர்களும் முந்திச் சொன்னார்கள். கவனிக்கவேண்டிய இடம் இந்தக் கடைசிச் செய்திதான்.

எங்கள் ஊரில் 'வயது போட்டுது' என்ற முடிவு பெரும்பாலும் ஏதோ ஒன்றைக் கைவிடும் நாளில் எடுக்கப்படுகிறது. கோயிலில் நிலத்தில் இருக்க ஏலாமல் கதிரை கேட்கும் நாள். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ் வந்து நிற்க, படி உயரம் என்று விட்டுவிட்டு ஓட்டோ பிடிக்கத் தொடங்கும் நாள். வெள்ளவத்தையில் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் இருப்பவர் மரக்கறி வாங்க இறங்குவதை மகளிடம் விட்டுவிடும் நாள். "அம்மா, நீங்கள் இருங்கோ, நான் எடுக்கிறன்" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். அம்மாவும் "வயது போட்டுது தானே பிள்ளை" என்று இருந்துவிடுகிறார். எழும்பாத கால் இன்னும் மெலிகிறது. மூன்று மாதத்தில் அந்தச் சொல் உண்மையாகியே விடுகிறது. இப்படிக் கைவிட்டவற்றில் பல, ஆண்டுகளோடு சம்பந்தமில்லாத, திருத்தக்கூடிய குறைகள்.

முதலில் வருவது கண். 40 முதல் 45 வயதுக்குள் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து கிட்ட உள்ள எழுத்து மங்கும். இது எல்லோருக்கும் வரும். முதுமையின் அடையாளமாக எடுக்கவேண்டியதில்லை. வாசிப்புக் கண்ணாடியின் பவர் தொடக்கத்தில் பிளஸ் 1.00 அளவிலும், 50 வயதில் 1.50ஐ ஒட்டியும், 60 வயதில் 2.00 முதல் 2.50 வரையும் வரும். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு வில்லையும் ஒரே பவர். இரு கண்ணிலும் பவர் வித்தியாசம் உள்ளவர்களுக்கும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கும் அதனால் தலையிடி வரும். பிறகு வாசிப்பதையே விட்டுவிடுவார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனி ஏறி இறங்கும் கிழமைகளில் கண் பரிசோதித்தால், எடுத்த கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. சீனி நிதானமான பிறகு போங்கள். இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறித் தெரிந்தால் கட்டராக்ட் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது சத்திரசிகிச்சையில் தீரும் விஷயம்.

காது பற்றிச் சுருக்கமாக: சத்தம் கேட்கிறது, சொல் பிடிபடவில்லை என்றால் உயர்ந்த சுருதி ஒலிகள் குறைந்துவருகின்றன என்று அர்த்தம். பேரப்பிள்ளை பேசுவது விளங்காமல் போவதும், டிவி சத்தம் கூடுவதும் அதனால். ஆனால் முதலில் காதுக் குரும்பி அடைத்திருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள். கொட்டன் பட்ஸ் போடுகிறவர்களுக்கு அது உள்ளே தள்ளப்பட்டு இறுகியிருக்கும். கேட்காததால் கதையில் சேராமல் மூலையில் இருப்பவரை வீட்டார் "மறதி வந்திட்டுது" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

இனிக் கால். "வயது போட்டுது" என்ற சொல்லுக்குப் பின்னால் அநேகமாக இருப்பது கால்தான். வயதோடு தசை குறையும். அதைவிட வேகமாக வலிமை குறையும். திடீரென்று உந்தி எழும்பவும், தடக்கினால் சட்டென்று காலை முன்வைக்கவும் உதவும் வேகமான தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன. அதனால்தான் சமதரையில் நன்றாக நடக்கிறவர் பஸ் படியில் தடுமாறுகிறார்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கைப்பிடி இல்லாத, இருக்கை நிலத்திலிருந்து 43 சென்ரிமீற்றர் அளவு உயரமான கதிரை ஒன்றை எடுங்கள். சாப்பாட்டு மேசைக் கதிரை பெரும்பாலும் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், டைல்ஸில் வழுக்கும். எந்தக் கதிரையானாலும் முதுகுப்பக்கம் சுவரில் முட்டியிருக்கட்டும். இருக்கையின் நடுவில் இருந்து, பாதத்தை முழுதாக நிலத்தில் ஊன்றி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து உள்ளங்கைகள் எதிர்த் தோளைத் தொடவேண்டும். ஒருவர் போனில் 30 செக்கன் பார்க்க, முழுதாக எழும்பி முழுதாக இருக்கவேண்டும். எத்தனை தரம் எழும்பினார் என்பதுதான் புள்ளி. 30 செக்கன் முடியும்போது பாதிக்கு மேல் எழும்பியிருந்தால் அதையும் சேர்க்கலாம். கை ஊன்றினால் பூச்சியம்.

60 முதல் 64 வயது வரை ஆண் 14க்கும் பெண் 12க்கும் குறைந்தால் கால் வலிமை அந்த வயதுக்குக் குறைவு. விழும் ஆபத்து உண்டு. 65 முதல் 69 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 11. 70 முதல் 74 வரை ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10. 80 முதல் 84 வரை உள்ளவர்களுக்கும் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9 என்று எதிர்பார்ப்பு இருக்கிறது. 55 வயதில் இந்த எண்ணிக்கை வராதவர்களும் உண்டு. நாள் முழுக்கக் கந்தோர்க் கதிரையில் கை ஊன்றி எழும்பிப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

எழும்ப ஏலாமல் போவதற்குப் பல தடவை முறைதான் காரணம். பாதம் முழங்காலுக்கு முன்னால் நீட்டியிருந்தால் எந்தப் பலசாலிக்கும் எழும்புவது கஷ்டம். பாதத்தைச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து, பிறகு உந்தவேண்டும். ஹோலில் போட்டிருக்கும் தாழ்ந்த, அமிழும் சோபா இதற்குப் பெரிய எதிரி. பெரியவர்களுக்கு அதில் இடம் கொடுப்பதைவிட உயர்ந்த, கெட்டியான கதிரை கொடுப்பது நல்லது.

சோதனையே பயிற்சியும்தான். ஒன்றுவிட்ட ஒரு நாள், எட்டு முதல் பத்துத் தரம் எழும்பி இருந்து, இரண்டு நிமிடம் ஆறி, இன்னும் இரண்டு தடவை அதையே செய்யுங்கள். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மூன்று நான்கு செக்கன் எடுத்து இறங்கவேண்டும். வலிமை கூடுவதில் பாதி அந்த இறக்கத்தில் இருக்கிறது. முழங்கால் நோகிறவர்கள் கெட்டியான தலையணை போட்டு இருக்கையை உயர்த்தலாம். பன்னிரண்டு தரம் சுகமாக வந்தால் கையில் ஒவ்வொரு லீற்றர் தண்ணிப் போத்தல் பிடித்துச் செய்யுங்கள். அதோடு குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைப் பதினைந்து தரம் உயர்த்தி இறக்குவது, ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு முட்டவைத்து 10 செக்கன் நிற்பது. அந்த 10 செக்கன் நிற்க முடியாவிட்டால் சமநிலையும் பயிற்சி கேட்கிறது.

"நான் காலிமுகத்திடலில் தினமும் நடக்கிறன் தானே" என்பார்கள். நடை இருதயத்துக்கு நல்லது, விடக்கூடாது. ஆனால் சமதரை நடை எழும்பும் வலிமையைத் தராது.

இந்த வயதில் செய்து என்ன பலன் என்கிறவர்களுக்கு: 1990இல் அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் பாரத்தோடு கால் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 வீதம் கூடியது. மறுபக்கத்தில், சராசரி 67 வயதான ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் கட்டிலில் கிடத்திப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஒரு கிலோவரை தசை போய்விட்டது. டெங்கு அல்லது சிக்குன்குனியா வந்து இரண்டு கிழமை படுத்தவர் "அதுக்குப் பிறகு கிழடாகிப் போனன்" என்பது இதைத்தான். காய்ச்சல் விட்டதும் கதிரைப் பயிற்சியை மெல்லத் தொடங்காமல் "நல்லா றெஸ்ட் எடுங்கோ" என்று மாதக்கணக்கில் படுக்கவைப்பது கெடுதி.

பயிற்சி செய்தாலும் சாப்பாடு சரியில்லாவிட்டால் தசை வராது. மூத்தவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் இடியப்பம், சொதி, சம்பல், இரவில் புட்டு என்று போனால் பகல் மீன் துண்டில் மட்டும் அது வராது. ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல், சமைக்காத பருப்பு 50 கிராமில் 12 அளவு, ஒரு கிளாஸ் பாலில் 6 அளவு. சைவக்காரர் சோயாமீற், கடலை, பயறு, தயிர் என்று மூன்று வேளைக்கும் பிரிக்கவேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் கூட்டவேண்டாம்.

மருந்துப் பையையும் ஒருமுறை மேசையில் கொட்டிப் பாருங்கள். எழும்பும்போது தலை சுற்றினால், ஐந்து நிமிடம் படுத்திருந்து பிரஷர் எடுத்து, எழும்பி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் திரும்ப எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். பிரஷர் மருந்தோ புரொஸ்டேட் மருந்தோ காரணமாக இருக்கலாம், நீங்களாக நிறுத்தக்கூடாது. தடிமனுக்கு விழுங்கும் பிரிட்டோன் மூத்தவர்களை மயக்கமாகவும் குழப்பமாகவும் ஆக்கும். சீனி வருத்தத்துக்குப் பல ஆண்டு மெற்போமின் குடிக்கிறவர்களுக்கும் முழுச் சைவக்காரருக்கும் வைட்டமின் பி12 குறைந்து கால் மரத்து நடை தள்ளாடலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியும், மருந்தில் தீரும்.

முதியோர் அடையாள அட்டையை "எடுத்தால் கிழவன் என்று எழுதிக் கொடுத்தமாதிரி" என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அது சட்டம் தந்த உரிமை. 60 முடிந்ததும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். வரிசையில் முன்னுரிமை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதிரைப் பயிற்சியும் செய்யலாம்.

2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், தன் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டு கூட வாழ்ந்ததாகக் கண்டார்கள். உடல்நிலை, வருமானம் எல்லாம் கணக்கில் எடுத்தபிறகும் வித்தியாசம் நின்றது. நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் "இனி என்ன" என்று நினைக்கிறவர் கண்ணையும் காட்டமாட்டார், காலையும் பழக்கமாட்டார் என்பது வீட்டுக்கு வீடு கண்ணால் காண்பது.

வயது ஒரு கிழமையில் போவதில்லை. நேற்று வரை படி ஏறியவர் இன்று ஏற முடியவில்லை என்றால், சில நாளில் பேச்சுக் குழம்பினால், காரணமில்லாமல் எடை இறங்கினால், அது நோய். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க ஏலாவிட்டாலோ, சொல் குழறினாலோ, படுத்து எழும்பினால் சரியாகும் என்று விடியும்வரை வைத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, குடிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள்.