லண்டனில் போனும் பர்ஸும் பறிபோனால்: எதை முதலில் பூட்டுவது?

லண்டனில் போன் பறிப்பவன் பெரும்பாலும் மின்சைக்கிளில்தான் வருவான். நடைபாதை ஓரம் மேப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவான். திரை திறந்தபடியே போன் அவனிடம் போய்விடும் என்பதுதான் சிக்கல். பர்ஸில் இருப்பது கொஞ்சம் ரொக்கமும் இரண்டு மூன்று கார்டும். திறந்த போனில் மின்னஞ்சல், வங்கி, ஓடிபி வரும் எண் எல்லாமே இருக்கிறது. பர்ஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பக்கத்துக் கடையில் ஒரு போனைக் கேட்டு வாங்கி, இன்காக்னிட்டோவில் (உலாவியில் தடம் விடாத சாளரம்), பறிபோனது ஐபோன் என்றால், ஆப்பிளின் ஐகிளவுட் தளத்தைத் திறங்கள். பாஸ்வேர்ட் போட்டதும் ஆறு இலக்கக் குறியீடு கேட்கும். அந்தக் குறியீடு வருவதோ திருடனிடம் இருக்கும் போனுக்கு. பலர் இங்கேயே கையை விரித்துவிடுகிறார்கள். தேவையில்லை. தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதிக்கு மட்டும் குறியீடு வேண்டாம், பாஸ்வேர்ட் போதும். அதே பக்கத்தில் அதற்கான வழி இருக்கும். (இந்த ஒரு பாஸ்வேர்டையாவது மனப்பாடமாக வைத்திருங்கள்.) 'லாஸ்ட் மோட்' போட்டால் திரை பூட்டிக்கொள்ளும், போனைக் காட்டிப் பணம் செலுத்தும் ஆப்பிள் பேயும் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் 'ரிமோட் லாக்' வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், ஆண்ட்ராய்டு.காம்/லாக் பக்கத்தில் போன் எண்ணைக் கொடுத்தே பூட்டலாம்.

அடுத்தது சிம். அதை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். நெட்வொர்க் நிறுவனத்தைக் கூப்பிட்டு சிம்மை முடக்கி, ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) தடை செய்யச் சொல்லுங்கள். அந்த எண் தெரியாவிட்டால் போன் வந்த பெட்டியிலோ ரசீதிலோ பாருங்கள். சிம்மை முடக்கினால் போன் எங்கே நகர்கிறது என்று பார்க்க முடியாதே என்று தயங்குபவர்கள் உண்டு. வரைபடத்தில் நகரும் புள்ளியைத் துரத்திப் போய் போனை மீட்பதெல்லாம் ஆபத்தான வேலை. வங்கிக் கணக்கைக் காப்பாற்றுவதே மேல்.

இப்போது வங்கி. 159 என்ற எண் பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு இணைத்துவிடும். ஆப்பில் கார்டை 'ஃப்ரீஸ்' செய்வது மட்டும் போதாது. ஆப்புக்குள் நுழைந்தவன் அதை எடுத்தும் விடலாம். 'திருடுபோய்விட்டது, ரத்து செய்யுங்கள்' என்று வாயால் சொல்லுங்கள். கூடவே இரண்டு விஷயம் கேளுங்கள். அந்தப் போனை ஆப்பிலிருந்து நீக்க வேண்டும். அதில் ஆப்பிள் பே, கூகுள் பேயில் ஏற்றிய கார்டையும் தனியாக நீக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் கேட்பதே இல்லை. புது கார்டு வந்ததும் பழைய போனில் இருக்கும் டிஜிட்டல் கார்டு தானாகவே புது எண்ணோடு இணைந்துகொள்ள வாய்ப்புண்டு.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் சட்டம் உங்கள் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு பேமென்ட் சர்வீசஸ் விதிகளின்படி, மோசடியோ பெரும் அலட்சியமோ இல்லாதவரை, வங்கிக்குச் சொல்வதற்கு முன் போன பணத்தில் உங்கள் பொறுப்பு அதிகபட்சம் 35 பவுண்டு. பின் நம்பரை கார்டின் பின்னால் எழுதி வைத்திருந்தால் வங்கி அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

போலீஸுக்கு 101, அல்லது இணையவழிப் புகார். ரயிலிலோ ட்யூபிலோ (சுரங்க ரயில்) நடந்திருந்தால் பிரிட்டிஷ் ட்ரான்ஸ்போர்ட் போலீஸ். 61016க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். போன் திரும்பக் கிடைக்கும் என்பதற்காக அல்ல, குற்றப் பதிவு எண்ணுக்காகத்தான் இந்தப் புகார். காப்பீட்டுக்கு அது வேண்டும். புகாரில் 'தொலைந்தது' என்று எழுதிவிடாதீர்கள். திருட்டுக்கு மட்டும் பணம் தரும் பாலிசியில் அந்த ஒரு சொல்லே உங்களைக் கவிழ்த்துவிடும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு வேலை: ஊரில் யாராவது ஒருவரிடம் சொல்லி, குடும்பக் குழுவில் 'போன் திருடுபோய்விட்டது, பணம் கேட்டு வந்தால் அனுப்பாதீர்கள்' என்று போடச் சொல்லுங்கள்.

சில நாள் கழித்து 'உங்கள் ஐபோன் கிடைத்துவிட்டது' என்று லிங்கோடு ஒரு எஸ்எம்எஸ் வரலாம். அந்தப் பக்கம் அசல் ஆப்பிள் பக்கம் போலவே இருக்கும், பாஸ்கோட் கேட்கும். உங்கள் ஆப்பிள் கணக்கோடு போனைப் பிணைக்கும் ஆக்டிவேஷன் லாக் இருக்கும்வரை அந்த போன் உதிரிபாக விலைக்குத்தான் போகும். அந்தப் பூட்டை உங்கள் கையாலேயே எடுக்கவைக்கும் தந்திரம் இது. மிரட்டலாகவும் வரும். போனைக் கணக்கிலிருந்து நீக்கவே கூடாது.

பர்ஸில் ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதில் வீட்டு முகவரி இருக்கிறது. சாவியும் சேர்ந்து போயிருந்தால் அன்றே பூட்டை மாற்றுங்கள். இப்போது இ-விசா வந்துவிட்டதால் குடியிருப்பு அட்டை போச்சே என்ற கவலை குறைவு. ஆனால் அந்த இ-விசாவைப் பார்க்க உதவும் யுகேவிஐ (பிரிட்டன் விசா துறை) இணையக் கணக்கில் நுழைய, பாஸ்போர்ட் போன்ற, கணக்கில் பதிந்த அடையாள ஆவணத்தின் எண்ணும் பிறந்த தேதியும் ஒரு குறியீடும் வேண்டும். குறியீட்டை மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லலாம், போன் எண்ணை நம்பி உட்கார வேண்டாம்.

இந்திய சிம்மும் அதே போனில் இருந்திருந்தால்தான் பெரிய தலைவலி. மாற்று சிம் வாங்க பெரும்பாலும் நேரில் ஊருக்குப் போக வேண்டும். மாற்றியபின்னும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, ஓடிபியும் வராது. போன் கையில் இருக்கும்போதே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள்) பிரிட்டன் எண்ணைப் பதிவுசெய்ய முடியுமா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள்.